டேட்டா மிச்சம் இருக்கிறது, பாடம் திறக்கவில்லை: இணையக் கட்டணத்தில் அரசு எங்கே கை வைக்க வேண்டும்?

சுங்கை சிப்புட் டவுனில் என் மாமா கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமைகளில் நானும் அங்கே போய் நிற்பேன். சம்பளம் போட்ட வாரத்தில் தோட்டங்களிலிருந்து ஆட்கள் சாமான் வாங்க டவுனுக்கு வருவார்கள். அப்படியே ரிலோட் போட எங்கள் கடைக்கும் வருவார்கள். போன மாதம் ஒரு அக்கா வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. போனை நீட்டி, "தம்பி, டேட்டா இன்னும் நெறைய இருக்குன்னு இதுல காட்டுது. ஆனா பொண்ணோட பாடம் மட்டும் தொறக்க மாட்டேங்குது. போன் கெட்டுப்போச்சான்னு பாருங்க" என்றார்.

போன் நன்றாகத்தான் இருந்தது. அவர் வாங்கியிருந்த பேக்கேஜில் டேட்டா இரண்டு பங்காகப் பிரிந்திருந்தது. ஒரு பங்கு எதற்கும் செல்லும் பொது டேட்டா, அது தீர்ந்துவிட்டது. இன்னொரு பங்கு, நிறுவனம் குறித்துவைத்த சில வீடியோ, அரட்டைச் செயலிகளுக்கு மட்டும். அதில் 8 ஜிகாபைட் அப்படியே கிடந்தது. ஆசிரியர் அனுப்பிய பாடமோ அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு தளத்தில் இருந்தது. இதை விளக்கிச் சொன்னேன். அக்காவுக்குப் புரிந்தது, ஆனால் மனம் ஒப்பவில்லை. "நான் காசு குடுத்து வாங்குன டேட்டாவ எதுக்குப் பயன்படுத்தணும்னு அவங்க எப்படித் தம்பி சொல்லலாம்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல நாட்டு ஆணையங்களும் நீதிமன்றங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. 'இணைய நடுநிலை' என்ற பெயரில் நடக்கும் விவாதம் இதுதான். அந்தச் சொல்லை 2003இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். நம் ஊரில் இந்த விவாதம் அதிகம் நடப்பதில்லை. நடந்தாலும் "அரசு விலையைக் குறைக்க வேண்டும்", "தனியார் தொழிலில் அரசு தலையிடக் கூடாது" என்று இரண்டே வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை. இணையக் கட்டணம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி விலைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பது என் கருத்து.

முதல் விலை, நாம் மாதாமாதம் கட்டுவது. இரண்டாவது, ஒரு நிறுவனம் போட்ட கேபிளை இன்னொரு நிறுவனம் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் வாடகை. அது நம் கண்ணில் படுவதே இல்லை. மூன்றாவது, கேபிளில் என்ன போகிறது என்பதைப் பார்த்து மாறும் விலை: இந்தச் செயலிக்கு இலவசம், அந்தத் தளத்துக்குக் காசு. அக்காவின் போனில் இருந்தது இந்த மூன்றாவது.

எங்கே செலவு ஆகிறது

விலையைப் பற்றிப் பேசுமுன் செலவைப் பார்த்துவிடுவோம். டேட்டாவை நாம் அரிசி மாதிரி நினைக்கிறோம். ஒரு கிலோ எடுத்தால் மூட்டையில் ஒரு கிலோ குறையும் என்பது போல. உண்மையில் அது சாலை மாதிரி. செலவு முழுக்கச் சாலை போடுவதிலும் பராமரிப்பதிலும் இருக்கிறது. போட்ட பிறகு, ஆளில்லாத நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் கூடுதலாகப் போனால் யாருக்கும் செலவு கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போதுதான் சாலையை அகலப்படுத்த வேண்டிவரும். இரவு 8 மணிக்குத் தோட்டத்தில் எல்லோரும் படம் பார்க்க உட்காரும் நேரம்தான் கோபுரத்துக்குப் பாரம். விடியற்காலை 4 மணிக்குப் போகும் ஒரு ஜிகாபைட்டுக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒரு வீடியோ பட்டியலில் உள்ள செயலியிலிருந்து வந்தாலும், பட்டியலில் இல்லாத பாடத்தளத்திலிருந்து வந்தாலும், கோபுரத்திலிருந்து போனுக்கு வரும் அந்தக் கடைசித் தூரத்தில் இரண்டுக்கும் ஒரே பாரம். கைப்பேசி இணையத்தில் அதிகம் செலவு பிடிக்கும் பகுதிகளில் ஒன்று அந்தக் கடைசித் தூரம். நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் படங்களைச் சேமித்த பெட்டிகளை இணைய நிறுவனங்களின் கட்டடத்துக்குள்ளேயே இலவசமாகக் கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. அப்போது கடலடிக் கேபிள் வழியாக வெளிநாட்டிலிருந்து இழுக்கும் செலவு மிச்சமாகிறது. உள்நாட்டுத் தளங்களுக்கும் அப்படித்தான். 2006இல் தொடங்கிய மலேசிய இணையப் பரிமாற்ற மையத்தில் நம் நாட்டு நிறுவனங்கள் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்துகொள்கின்றன. இந்த மிச்சம் உண்மைதான். ஆனால் ஒன்றுக்கு இலவசம், இன்னொன்றுக்குப் பூட்டு என்கிற அளவுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பூட்டு செலவுக் கணக்கிலிருந்து வரவில்லை, வியாபாரத்திலிருந்து வருகிறது.

கேபிள் வாடகை: 2018இல் நடந்தது

இரண்டாவது விலையைத்தான் அரசு கட்டாயம் கட்டுப்படுத்த வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

1987வரை தொலைபேசி அரசாங்க இலாகாவின் கையில் இருந்தது. அந்த ஆண்டு அது நிறுவனமாக மாறியது. அதுவே இன்றைய டெலிகாம் மலேசியா. அரசாங்கக் காலத்தில் நட்ட கம்பங்களும் புதைத்த குழாய்களும் அதனோடு போயின. 2008 செப்டம்பரில் அதிவேக இணையத்துக்கான கண்ணாடியிழைக் கேபிள் போட அரசாங்கம் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. திட்டத்தின் மொத்த மதிப்பு 1,130 கோடி வெள்ளி (ரிங்கிட்). அதில் 240 கோடி அரசாங்கம் கொடுத்தது, அதாவது நம் வரிப்பணம். 2010 மார்ச்சில் அந்தக் கேபிளில் யூனிஃபை என்ற வீட்டு இணையச் சேவை வந்தது. 5 மெகாபிட் வேகத்துக்கு மாதம் 149 வெள்ளி. அந்த 149 வெள்ளியை ஒரு தோட்டக் குடும்பத்தின் வரவோடு வைத்துப் பாருங்கள். 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் முதல்முறையாக அமலுக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. ஆறில் ஒரு பங்கு சம்பளம் இணையத்துக்கே போய்விடும்.

மற்ற நிறுவனங்களும் அதே கேபிளை வாடகைக்கு எடுத்து விற்றன. ஆனால் வாடகை உயரத்தில் இருக்கும்போது அவர்களால் எவ்வளவு குறைத்துவிட முடியும்? கடைகள் பலவாக இருந்தாலும் சரக்கு வரும் பாலம் ஒன்று. பாலத்துக்காரர் கேட்பதுதான் விலை.

இங்கேதான் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நுழைந்தது. 2015இல் அதிவேக இணையக் கேபிளையும், பிறருக்குக் கட்டாயம் திறந்துவிட வேண்டிய சேவைகளின் பட்டியலில் சேர்த்தது. பிறகு அந்த வாடகைக்கு உச்ச வரம்பு நிர்ணயித்தது. 2018 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஆட்சி மாறி, கோபிந்த் சிங் டியோ தொடர்பு, பல்லூடக அமைச்சரானார். "வேகம் இரட்டிப்பு, விலை பாதி" என்பது புதிய ஆட்சியின் தேர்தல் வாக்குறுதி. ஆனால் விலை இறங்குவதற்கான அடித்தளம் அதற்கு முன்பே, யாரும் படிக்காத அந்த வாடகை ஆவணத்தில் போடப்பட்டுவிட்டது. ஆண்டு முடிவதற்குள், கேபிளை வாடகைக்கு எடுத்து விற்கும் மேக்சிஸ் நிறுவனம் 129 வெள்ளிக்கு 100 மெகாபிட் விற்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 149 வெள்ளிக்கு 5 மெகாபிட் கிடைத்ததை நினைத்துப் பாருங்கள். டெலிகாம் மலேசியாவும் தன் பழைய வாடிக்கையாளர்களின் வேகத்தைக் கூடுதல் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொடுத்தது.

கவனித்துப் பாருங்கள்: கடையில் விற்கும் விலையை ஆணையம் தொடவில்லை. பாலத்தின் சுங்கத்தைத்தான் தொட்டது. மீதியைப் போட்டி பார்த்துக்கொண்டது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. அந்த ஆண்டில் டெலிகாம் மலேசியாவின் பங்கு விலை பாதிக்கும் மேல் சரிந்தது. வருமானம் குறைந்த நிறுவனம் புதிய கேபிள் போட யோசிக்கும். யோசித்து விட்டுவிடும் இடங்களில் முதல் இடம் ஆள் குறைவாக வாழும் தோட்டப்புறம். வாடகையை மிகவும் குறைத்து நிர்ணயித்தால், டவுனில் இருப்பவனுக்கு மலிவு, தோட்டத்தில் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் டவுனில் தாமான்களில் இருந்தவர்கள் கொண்டாடியபோது, செப்புக் கம்பி இணைப்பில் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச காலம் குறைந்த வேகத்துக்குக் கூடுதல் பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் இதற்கு மருந்து, வாடகையைக் கட்டுப்படுத்தாமல் விடுவது இல்லை. வாடகை உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் தோட்டங்களுக்குக் கேபிள் வரவில்லையே! செலவைக் கணக்கிட்டு, அதற்கு மேல் நியாயமான லாபம் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துவதுதான் வழி. ஆணையமும் அப்படித்தான் செய்கிறது. அடுத்த திருத்தம் 2023 மார்ச்சில் அமலானது.

பாட்டியின் கடைக் கணக்கு

மூன்றாவது விலைக்கு வருகிறேன். இதற்குத்தான் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக்குள்ளேயே ஒரு கடை இருந்ததாம். டவுனுக்குப் போக வண்டி கிடையாது, கையில் காசும் கிடையாது. அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அந்தக் கடையில் கணக்கு எழுதி வாங்குவார்கள். சம்பள நாளில் கணக்கு கழிந்தது போகக் கைக்கு வருவது கொஞ்சம். டவுனில் மலிவாகக் கிடைக்கும் சாமான் என்று தெரியும், ஆனால் அங்கே கணக்கு எழுத மாட்டார்கள். பாட்டி இதைச் சொல்லும்போது கடைக்காரரைத் திட்டியதில்லை. "நம்ம காசுதான், ஆனா நம்ம இஷ்டத்துக்குச் செலவழிக்க முடியாது" என்று மட்டும் சொல்வார்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். சம்பளத்தை எந்த இடத்தில், எந்த விதத்தில், யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று வேலை ஒப்பந்தத்தில் முதலாளி நிபந்தனை போட்டால் அந்த நிபந்தனை செல்லாது என்கிறது அது. இப்படி ஒரு சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால் அதற்குப் பின்னால் எத்தனை தோட்டங்கள், எத்தனை கணக்குப் புத்தகங்கள் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டம் அரிசியின் விலை இவ்வளவு என்று சொல்லவில்லை. சம்பளம் கொடுக்கும் கை, அது எங்கே போக வேண்டும் என்று சொல்லக் கூடாது என்றது. அவ்வளவுதான். அக்கா எங்கள் கடையில் கேட்டதும் அதே கேள்விதான் என்று எனக்குப் பட்டது.

இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பாட்டிக்கு வேறு வழி இல்லை. அக்காவுக்கு வேறு பேக்கேஜ் வாங்கும் வழி இருந்தது. செயலிப் பேக்கேஜில் அதே காசுக்கு அதிக டேட்டா என்பதால் தானே விரும்பி வாங்கினார் என்று சொல்லலாம். ஆனால் அவர் தோட்டத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் லைன்தான் ஒழுங்காகக் கிடைக்கிறது. அந்த நிறுவனம் வைத்த பேக்கேஜ்களில் கைக்கு எட்டிய விலையில் இருந்ததை எடுத்தார். விருப்பம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தியாவில் இது பெரிய போராட்டமாகவே நடந்தது. 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஒரு திட்டம் கொண்டுவந்தது: பணம் கொடுக்கும் செயலிகளை வாடிக்கையாளர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதே காலத்தில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, ஏழைகளுக்கு இலவச இணையம் என்று சொல்லி, தான் தேர்ந்தெடுத்த சில தளங்களை மட்டும் காசில்லாமல் திறந்துவிட்டது. பிறகு அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் வைத்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் தீர்ப்பு மாதிரி ஓர் ஒழுங்குமுறை வெளியிட்டது. எந்த உள்ளடக்கம் என்பதைப் பார்த்து டேட்டா விலையை மாற்றக் கூடாது. மீறினால் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். அவசர காலத்தில் அவசரச் சேவைகளுக்கு மட்டும் விலக்கு.

ஏழைகளிடமிருந்து இலவசத்தைப் பறிக்கிறார்களே என்று அப்போது பலர் வருந்தினார்கள். நியாயமான வருத்தம். ஆனால் அதே 2016 செப்டம்பரில் ஜியோ என்ற புதிய கைப்பேசி நிறுவனம் வந்தது, விலை அடியோடு சரிந்தது, உலகத்திலேயே டேட்டா மலிவான நாடுகளில் ஒன்றாக இந்தியா ஆனது. தடை விதித்ததால் மலிவானது என்று நான் சொல்லவில்லை, மலிவாக்கியது போட்டி. ஆனால் தடை விதித்தால் ஏழைகளுக்கு இணையமே கிடைக்காது என்ற பயம் பலிக்கவில்லை. கிடைத்தது முழு இணையமாகவே கிடைத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015இல் திறந்த இணையத்துக்கான சட்டம் வந்தது. அதன் உச்ச நீதிமன்றம் 2020இலும் 2021இலும், குறிப்பிட்ட செயலிகளைக் கணக்கில் சேர்க்காத பேக்கேஜ்கள் அந்தச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் கதை வேறு: 2015இல் அங்குள்ள தொலைத்தொடர்பு ஆணையம் இணைய நடுநிலைக்கு விதி போட்டது, 2017இல் அதே ஆணையம் எடுத்தது, 2024இல் மறுபடி போட்டது, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நாடாளுமன்றம் சட்டமாக்காமல் ஆணையத்தின் உத்தரவாகவே விட்டதால் ஆட்சிக்கு ஆட்சி மாறிக்கொண்டிருக்கிறது. நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

தென்கொரியாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே திசை மாறியது. டேட்டாவை அனுப்பும் பக்கம் பணம் கொடுக்க வேண்டும் என்ற முறை 2016 முதல் இணைய நிறுவனங்களுக்கு இடையே நடைமுறையில் இருக்கிறது; அந்தப் பாரம் மெல்ல உள்ளடக்க நிறுவனங்கள் மேல் இறங்கியது. எஸ்கே பிராட்பேண்ட் நிறுவனமும் நெட்ஃபிளிக்ஸும் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் மோதி, 2023இல் சமாதானமானார்கள். விளையாட்டுகளை நேரலையாகக் காட்டும் டுவிட்ச், மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு கட்டணம் என்று சொல்லி 2024 பிப்ரவரியில் கொரியாவை விட்டே போனது. இப்போது பல நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள், "எங்கள் கேபிளில் அதிகம் ஓடும் பெரிய நிறுவனங்கள் பங்கு தரட்டும்" என்கின்றன. கேட்கும்போது நியாயமாகத் தெரியும். ஆனால் நாம்தான் மாதாமாதம் கட்டுகிறோமே, அந்த வீடியோவைக் கேட்டு இழுப்பதும் நாம்தானே! ஒரே பயணத்துக்கு இரண்டு பக்கமும் டிக்கெட் கேட்பது போல இருக்கிறது இது. பெரிய நிறுவனம் கொடுத்துவிடும். ஈப்போவில் ஓர் அறையில் உட்கார்ந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதப் பாடம் படம்பிடித்துப் போடும் ஆசிரியர் என்ன செய்வார்? அவர் பாடம் எந்த இலவசப் பட்டியலிலும் வராது. தமிழில், அதுவும் மலேசியத் தமிழில் உருவாகும் எதுவும் அந்தப் பட்டியல்களுக்குள் நுழைவது கடினம், ஏனென்றால் பட்டியல் போடுபவர் கூட்டம் எங்கே அதிகம் என்று பார்த்துத்தான் போடுவார்.

அந்தச் சனிக்கிழமை அக்காவுக்கு, பிரிவில்லாத வேறொரு பேக்கேஜ் போட்டுக் கொடுத்தேன். அதே விலைதான். ஆனால் மொத்த ஜிகாபைட் எண்ணிக்கை பாதியாகத் தெரிந்தது. விளம்பரத்தில் பெரிய எண்ணாகக் காட்டுவதற்குத்தான் பிரித்துப் பிரித்துக் கூட்டுகிறார்கள். அக்கா கொஞ்சம் யோசித்தார். "கொறஞ்சாலும் பரவால்ல, எல்லாம் தொறக்கும்ல?" என்றார்.

பெருந்தொற்றுக் காலம் என்ன சொல்கிறது

இந்த இடத்தில் என் வாதத்துக்கே இடிக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஏப்ரல் 1 முதல் கைப்பேசி நிறுவனங்கள் தினம் காலை 8 முதல் மாலை 6 வரை 1 ஜிகாபைட் இலவசமாகக் கொடுத்தன. பிறகு ஆண்டு இறுதிவரை அதை நீட்டித்தபோது, கல்வி, வேலை தொடர்பான செயலிகளுக்கு என்று ஆனது. பட்டியல் போட்டுக் கொடுத்த இலவசம்தான் இது. உள்ளடக்கத்தைப் பார்த்து விலை மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சட்டம் போட்டிருந்தால் இதையும் தடுத்திருக்குமே? ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு உதவிய ஒன்றைத் தவறு என்று சொல்லலாமா?

உதவியது, மறுக்கவில்லை. எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள். ஆனால் முதலில் வந்த வடிவத்துக்கும் பிறகு வந்த வடிவத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஆசிரியர்கள் எல்லோரும் பட்டியலில் உள்ள செயலியிலா பாடம் அனுப்பினார்கள்? கைக்குக் கிடைத்த வழியில் அனுப்பினார்கள். பட்டியல் எழுதுபவருக்கு நல்ல மனம் இருந்தும், லயத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாளை எது தேவைப்படும் என்று அவருக்குத் தெரியாது. கொடுப்பதானால் முழு டேட்டாவாகக் கொடுக்கட்டும், நேரத்தையோ அளவையோ குறைத்தாலும் பரவாயில்லை. டிராய் வைத்த அவசர கால விலக்கு மாதிரி ஒன்று சட்டத்தில் இருந்தால் மருத்துவம், பேரிடர் போன்றவற்றுக்கும் இடமிருக்கும்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, நிறுவனங்கள் சந்தை நிலவரப்படி விலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. 198ஆம் பிரிவு அதற்கு நெறிமுறைகள் சொல்கிறது: விலை நியாயமாக இருக்க வேண்டும், ஒரே நிலையில் உள்ளவர்களுக்கிடையே காரணமில்லாமல் பாகுபாடு காட்டக் கூடாது, விலை செலவை ஒட்டி இருக்க வேண்டும். 199ஆம் பிரிவின்படி அமைச்சர் தலையிட்டு விலை நிர்ணயிக்கவும் முடியும். ஆக, பாகுபாடு கூடாது என்ற எண்ணம் 1998லேயே எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஆட்களுக்கிடையே பாகுபாடு கூடாது என்றுதான் எழுதினார்கள். தளங்களுக்கிடையே என்று எழுதவில்லை. அந்தக் காலத்தில் டயல் செய்து இணையத்துக்குள் போனோம், நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டினோம். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று பார்த்து விலை வைக்கும் யோசனையே யாருக்கும் வந்திருக்காது. 198இல் ஒரு வரி சேர்த்தால் போதும்: போகும் உள்ளடக்கம் எது, அனுப்புபவர் யார் என்பதைப் பார்த்து டேட்டாவின் விலை மாறக் கூடாது. ஆணையத்தின் வழிகாட்டியாக இல்லாமல் சட்டத்திலேயே இருக்க வேண்டும். அமெரிக்கா மாதிரி ஆட்சிக்கு ஆட்சி ஆடாமல் இருக்க அதுதான் வழி.

முதல் விலையை, அதாவது நாம் கட்டும் மாதக் கட்டணத்தை, அரசு நிர்ணயிக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். நிர்ணயித்தால் நிறுவனங்கள் வேறு இடத்தில் குறைத்துவிடும். இப்போதே பார்க்கிறோமே: "வரம்பில்லா டேட்டா" என்று கொட்டை எழுத்தில் போட்டு, வேகத்தை 3 அல்லது 6 மெகாபிட்டுக்கு மட்டுப்படுத்தியிருப்பார்கள், ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாக ஒரு சின்ன அளவு வைத்திருப்பார்கள். தோட்டத்து வீடுகளில் அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் பிள்ளைகள் மடிக்கணினியில் படிக்கிறார்கள். அவர்களுக்கு வரம்பில்லா டேட்டா என்பது மூன்று நாளில் தீரும் ஹாட்ஸ்பாட்தான். இவற்றைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், வேகம் இவ்வளவு, ஹாட்ஸ்பாட் இவ்வளவு என்று பேக்கேஜின் முகப்பிலேயே போடச் சொல்லி அரசு கட்டாயப்படுத்தலாம். அப்புறம், வசதி குறைந்தவர்களுக்கென்று 2023இல் வந்த ஒற்றுமைப் பேக்கேஜ் போல, மாதம் 69 வெள்ளிக்கு 30 மெகாபிட் என்று ஓர் அடிப்படை இணைப்பு எல்லா நிறுவனத்திடமும் இருப்பது நல்லது. அதற்கு மேல் போட்டி போடட்டும்.

தோட்ட வாசலில் நிற்கும் கேபிள்

இவ்வளவு சொன்னபிறகும், அக்காவின் வீட்டுக்கு இந்த மூன்றில் எதுவும் முழுசாகப் போய்ச் சேராது. 69 வெள்ளிப் பேக்கேஜ் வாங்க வாசலில் கேபிள் வேண்டும். கேபிள் வாடகையைக் கட்டுப்படுத்த முதலில் ஒரு கேபிள் இருக்க வேண்டும்.

தோட்டம் தனியார் நிலம். கோபுரம் நடவும் கேபிள் இழுக்கவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். லயத்து வீடுகள் நாற்பது, ஐம்பது இருக்கும். அதற்காக உள்ளே சில கிலோமீட்டர் கேபிள் இழுப்பது எந்த நிறுவனத்துக்கும் கணக்கில் கட்டாது. விலை விதி எதுவும் அந்தக் கணக்கை மாற்றாது. அதற்குப் பணம் வேண்டும். பணமும் இருக்கிறது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதிக்குக் கட்டுகின்றன. கோபுரங்களும் கிராமங்களில் நாம் பார்க்கும் நாடி இணைய மையங்களும் அந்த நிதியிலிருந்து வருபவை. நாடு முழுக்க இணைய வசதியை விரிவாக்க 2020 ஆகஸ்டில் தொடங்கிய ஜென்டேலா திட்டத்தில் 4ஜி பரவியது, 2021 முடிவில் 3ஜியை நிறுத்தினார்கள். மக்கள் வாழும் பகுதிகளில் இத்தனை விழுக்காடு என்று கணக்குக் காட்டும்போது, செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மூலையில் மட்டும் லைன் கிடைக்கும் லயங்கள் அந்த விழுக்காட்டுக்குள் எப்படி எண்ணப்படுகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் வந்தது, கேபிளும் கோபுரமும் அதற்குத் தேவையில்லை என்றார்கள். வந்தபோது மாதம் 220 வெள்ளி, கருவிக்குத் தனியாக 2,300 வெள்ளி. 2025 பிப்ரவரியில்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது.

டவுனில் குடிநீர், மின்சாரம் போல இணையத்தையும் கேட்கிறோம். தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கொடுக்க நிர்வாகத்தைச் சட்டம்தான் கட்டாயப்படுத்தியது, தானாக வரவில்லை. அந்தக் கடமைகளின் வரிசையில், கேபிளும் கோபுரமும் உள்ளே வர வழிவிட வேண்டும் என்பதையும் சேர்க்கலாம். காசு சேவை நிதியிலிருந்து வரட்டும், வழி தோட்டத்திலிருந்து வரட்டும். ஒருமுறை உள்ளே போய்விட்டால், அந்தக் கேபிளையும் எல்லா நிறுவனங்களும் அதே உச்ச வரம்புக்குள் வாடகைக்கு எடுக்க முடிய வேண்டும். இல்லையென்றால் தோட்டத்துக்குள் மறுபடியும் ஒரே கடைதான் இருக்கும்.

அக்காவின் தோட்டத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். பெரிய சாலை ஓரத்தில் கம்பத்தில் கேபிள் ஓடுகிறது, தோட்ட வாசலுக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் வைஃபை நன்றாகவே வேலை செய்கிறது. மாலையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஒரு மைலோ வாங்கிக்கொண்டு, அங்கே உட்கார்ந்து பாடங்களை இறக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கிருந்து லயத்துக்குச் செம்மண் சாலையில் இரண்டரை கிலோமீட்டர்.